சிரித்துக்கொண்டு நின்ற சிஸ்டர்

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் விழுவதில்லை. நம்பாதவர்கள் முன்வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். ‘நோயாளி எவரும் விழாமல் கழிந்த நாட்கள்’ என்று மேலே பெரிதாக எழுதி, கீழே சிவப்பு விளக்கில் ஓர் எண் எரிகிறது. தினமும் காலையில் அது ஒன்று ஏறும். அது இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. லிஃப்ட் நின்றுபோகும், ஸ்கேன் மெஷின் படுத்துவிடும், குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்கெல்லாம் அதுவே பேச்சாக இருக்கும். பலகை மட்டும் ஒரு நாளும் அணைந்ததில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொடுக்கும் முன்பே ஜெனரேட்டர் இணைப்பு கொடுத்தது அதற்குத்தான்.

இரண்டாம் மாடி ஆண்கள் வார்டு சிஸ்டர் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்கு வருவாள். தாண்டும்போதெல்லாம் எண் ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். எந்த வார்டில் நோயாளி விழுந்து அந்த எண் பூஜ்யத்துக்குப் போகிறதோ, அந்த வார்டு சிஸ்டர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. விசாரணை முடிந்தபின் கூப்பிடுவார்களாம். இதுவரை யாரும் அப்படிப் போகவில்லை, எண்தான் இறங்குவதே இல்லையே. ஆனாலும் பயம் பயம்தான். அவளுக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு இருந்தன. அவள் கணவன் நல்ல மனிதன். சம்பாத்தியத்தைத் தவிர வேறு எந்தக் குறையும் சொல்ல முடியாது.

வார்டில் எள் போட்டால் எள் விழாது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மடக்குக் கட்டில், அதற்கும் நடுவில் நோயாளியின் மச்சானோ மாமனாரோ கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். இத்தனை பேருக்கும் இரண்டு சிஸ்டர்கள், ஓர் அட்டெண்டர். அந்த அட்டெண்டரையும் பாதி நேரம் மேலே யாராவது டீ வாங்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மணிப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஒரு காலத்தில் ஆகிக்கொண்டிருந்தது. அழுத்தினால் சிஸ்டர் மேசையில் விளக்கு எரியும், எவ்வளவு நேரம் கழித்து சிஸ்டர் போய்ப் பார்த்தாள் என்பதைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். அந்தக் கணக்கு மாதாமாதம் மேலிடத்துக்குப் போயிற்று. பதில் கிடைக்காத அழைப்புகள் மலை போல் குவிந்திருப்பதைப் பார்த்து மேலிடம் பதறிப்போனது. உடனே அவசரக் கூட்டம் போட்டார்கள். பேசிப் பேசித் தொண்டை வறண்டு, கடைசியில் மணியின் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த மாதமே பதில் கிடைக்காத அழைப்பு ஒன்றுகூட இல்லை. இந்தச் சாதனைக்காக ஆஸ்பத்திரிக்கு விருது கூடக் கிடைத்தது.

நோயாளிகளுக்குச் சாதனை புரியவில்லை. ஆனால் அவசரம் வந்தால் மனிதன் வழி கண்டுபிடித்துவிடுவான். எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினார்கள். சில மாதத்தில் சிஸ்டரின் காது அதற்குப் பழகிவிட்டது. யார் தட்டுகிறார், வலியா, தண்ணீரா, வெறும் சலிப்பா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் தட்டுவது தனி ரகம். ஒரு தட்டு தட்டினால் நிறுத்தம் வந்துவிட்டது, வாருங்கள் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் இரண்டு தட்டு தட்டுவார். ரைட், போகலாம். காலமெல்லாம் கண்டக்டரின் மணியைக் கேட்டே வண்டி ஓட்டியவருக்கு இப்போது தானே மணி அடிக்கக் கிடைத்ததில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அவருக்கு வந்த கோளாறு பார்க்க எளிதுதான். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கித் தலை சுற்றும். படுத்திருந்தால் ஒன்றுமில்லை. பாத்ரூமுக்குப் போகும்போது யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அவருடைய மகள் துணிக்கடையில் வேலை பார்த்தாள். முதல் நாளே சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எங்கப்பாக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கறதுன்னா பிடிக்காது. யாரும் வரலேன்னா தானா எந்திரிச்சுப் போயிடுவாரு. நான் கடைக்குப் போயே ஆகணும், லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்கதான்கா பாத்துக்கணும்.”

“நீ போயிட்டு வாம்மா. அவர் டம்ளர் சத்தம் என் காதுல விழுந்தா போதும். தனியா எந்திரிக்க விடமாட்டேன். என்னை நம்பு.”

வாய் விட்டுச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த ஒரு மனிதர் விழாமல் வீடு போய்ச் சேர வேண்டுமே என்பது அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் நோயாளி பாதுகாப்பு வாரம் வந்தது.

வாரத்தைத் தொடங்கி வைக்கப் பாதுகாப்பு அதிகாரி வார்டுக்கு வந்தார். மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் மேல்சட்டை போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குள் லாரி ஏதும் வந்து தன்மேல் மோதிவிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். அதற்கு முன்பு அவர் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போர்வைகள் காணாமல் போனதும் பதவி உயர்வு கொடுத்து இங்கே போட்டார்கள். அவர் கையில் சத்தத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அந்த நேரம் பார்த்து மூன்று பக்கத்திலிருந்தும் டம்ளர்கள் ஒலித்தன.

“என்ன சத்தம் இது?”

“கூப்பிடறாங்க சார்.”

“யார?”

“என்னத்தான் சார்.”

“உங்கள எதுக்குக் கூப்பிடணும்? நீங்கதான் ஏற்கெனவே இங்க இருக்கீங்களே?”

சிஸ்டர் ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பொத்தானை அழுத்திக் காட்டினாள்.

“மணி வேலை செய்யல சார். எழுதியும் குடுத்தோம். அதான் டம்ளர...”

“மணி மின்சாரப் பிரிவு. அதுல நான் தலையிட மாட்டேன். சத்தம் என் பிரிவு. அதுல யாரும் தலையிட நான் விடமாட்டேன். அமைதியான வார்டுன்னாதான் பாதுகாப்பான வார்டு சிஸ்டர். நோயாளி சத்தமே போடலேன்னா என்ன அர்த்தம்? அவனுக்கு ஒரு குறையும் இல்லேன்னு அர்த்தம்.”

அட்டெண்டர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கொண்டுவந்தார். டம்ளர்களும் கரண்டிகளும் அதில் போயின. பதிலாகக் காகிதக் கோப்பைகள் தரப்பட்டன. காகிதக் கோப்பையைத் தட்டினால் சத்தம் வராது என்பது நோயாளிகளுக்கு அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. டம்ளரோடு டிரைவரின் மூக்குக் கண்ணாடியும் போயிற்று. உடைந்தால் குத்தும் பொருள் என்று வாங்கிவைத்துக்கொண்டார்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு நாலடி தாண்டினால் எல்லாம் நிழலாட்டம்தான்.

சிஸ்டர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

“சார், டம்ளர எடுத்துக்கங்க. இன்னும் ஒரே ஒரு சிஸ்டர் குடுங்க. அது போதும்.”

அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஆள் கேக்கறதெல்லாம் பழைய சிந்தனை சிஸ்டர். ஆள் இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு லீவு போடுவாங்க. நாங்க உங்களுக்கு ஆள் குடுக்கல, கலாசாரம் குடுக்கறோம். பாதுகாப்புக் கலாசாரம்.”

“கலாசாரத்துக்குச் சம்பளம் கெடையாதுல்ல” என்று அட்டெண்டர் தொட்டியைத் தூக்கிக்கொண்டே முணுமுணுத்தார். நல்ல வேளை, அது கருவியில் பதியவில்லை.

அடுத்த நாள் உறுதிமொழி. நோயாளிகள் எல்லோரும் வலக்கையை நீட்டி, ‘நான் விழமாட்டேன், என் அருகில் உள்ளவரையும் விழவிடமாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். வலக்கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தவர்கள் இடக்கையை நீட்ட அனுமதி கிடைத்தது. நினைவில்லாமல் கிடந்த ஒருவருக்காக அவருடைய மருமகன் உறுதி எடுத்தார். மாமனார் விழமாட்டார் என்பதில் மருமகனுக்கு முழு நம்பிக்கை இருந்தது.

அதற்கும் அடுத்த நாள் ஒரு போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு, சிஸ்டர்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் வந்தார். எல்லா சிஸ்டர்களிலும் இவளுக்குத்தான் பல்வரிசை நன்றாக இருக்கிறதாம். சுவரோரம் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை. “உங்களுக்கு இன்னொரு சிஸ்டர் போட்டுட்டாங்கன்னு நெனச்சுக்குங்க” என்றார் போட்டோகிராபர். வந்துவிட்டது.

வெறும் போட்டோதானே என்று அவள் மறந்தே போனாள். இரண்டு நாள் கழித்து வார்டுக்குள் நுழைந்தவள் திடுக்கிட்டு நின்றாள். ஜன்னல் பக்கம் அவளே நின்றுகொண்டிருந்தாள். அதே உயரம், அதே சீருடை, அதே சிரிப்பு. கெட்டி அட்டையில் வெட்டி, பின்னால் ஒரு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மார்புக்குக் குறுக்கே ‘உங்களுக்காக நான் இருக்கிறேன்’ என்று எழுதியிருந்தது.

“இத வெறும் அட்டைன்னு நெனைக்காதீங்க” என்றார் பாதுகாப்பு அதிகாரி. “இது இருப்பு. பக்கத்துல ஒரு நர்ஸ் இருக்காங்கங்கற உணர்வே நோயாளிய பாதி குணமாக்கிடும்னு ஆராய்ச்சி சொல்லுது. மீதி பாதிய நீங்க பாத்துக்கங்க.”

வாரத்தின் கடைசி நாள் விழா. ‘நோயாளி விழுவதைத் தடுப்பது எப்படி’ என்று கீழே அரங்கத்தில் பயிற்சி, அதன் பிறகு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் உரை, பிறகு விருது. ஊழியர்கள் அனைவரும் வந்தே தீர வேண்டும். அட்டெண்டரை நாற்காலி தூக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னொரு சிஸ்டரை விருந்தினர்களுக்குப் பூச்செண்டு கொடுக்க நிறுத்தினார்கள். விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று நோயாளிகளின் சொந்தக்காரர்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்திதான்.

“நான் வரல மேடம். வார்டுல யாருமே இல்ல” என்று மேட்ரனிடம் கெஞ்சினாள்.

“இந்த வருஷம் உன் வார்டுக்குத்தான்டி விருது. ஒருத்தர்கூட விழல. வாங்கறதுக்கு நீ இல்லேன்னா கண்காணிப்பாளர் மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? அதான் அங்க உன்னை நிறுத்தி வச்சிருக்குல்ல, அப்புறம் என்ன?”

மேட்ரன் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி வராது.

சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஓடினாள்.

“டிரைவரய்யா, அரை மணி நேரம். போன கையோட வந்துடறேன். எது வந்தாலும் எந்திரிக்கக் கூடாது, சரியா?”

“நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் எங்க போகப்போறேன்?”

அரங்கத்தில் முதலில் பாதுகாப்பு அதிகாரி மெத்தை போட்டு அதன்மேல் விழுந்து காட்டினார். விழுவது எப்படி என்று தெரிந்தால்தானே தடுக்க முடியும். முதல் தடவை படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை விழுந்தார். அதிலும் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார் என்று மறுபடியும் விழுந்தார். அதன் பிறகு கண்காணிப்பாளர் எழுந்தார். கண்ணியமான மனிதர். நோயாளிகள்மேல் அளவற்ற மரியாதை உள்ளவர், அதனாலேயே அவர்களை நெருங்குவதில்லை.

“விழறதுங்கறது ஒரு மனநிலை” என்று அவர் தொடங்கினார். “சில பேர் சொல்றாங்க, ஆள் பத்தல, கட்டில் பத்தல, மருந்து பத்தலன்னு. நான் கேக்கறேன், அக்கறை பத்துதா? அக்கறைக்கு பட்ஜெட் வேணுமா? நான் இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒரு தடவையாவது நான் விழுந்திருக்கேனா?”

கைதட்டல் எழுந்தது. சிஸ்டரும் தட்டினாள். ஆனால் அவளுடைய காது மேலேயே இருந்தது. டம்ளர்தான் இல்லையே, எந்தச் சத்தம் வரப்போகிறது என்று தெரிந்தும் அந்தக் காது கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் எப்போதோ போய்விட்டது. எழுந்து போகலாமென்றால் முதல் வரிசையில் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கடைசியில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பெரிய பித்தளைக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி ஓடினாள். லிஃப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

டிரைவர் தரையில் கிடந்தார். அவருக்கு அடியில் அட்டை சிஸ்டர் நடுவில் மடிந்து, அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் ஆக்ஸிஜன் முகமூடியோடு, குரல் எழும்பாமல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமாக ஆட்டினாரோ.

“அய்யா! அய்யா, என்னாச்சு?”

டிரைவர் அவள் முகத்தையும் கீழே கிடந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கூப்டேம்மா. நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு நெனச்சேன். இங்கதான் நின்னீங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. ஏதோ வேலையா இருக்காங்க போலன்னு கொஞ்ச நேரம் பொறுத்தேன். அப்புறம் அடக்க முடியல. நாமளே போயி கையப் பிடிச்சுக்கலாம்னு எந்திரிச்சேன். கையப் பிடிச்சேன். நீங்க மடங்கிட்டீங்க.”

கேடயத்தை எங்கே வைத்தாள் என்றுகூடத் தெரியவில்லை. அவருடைய வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பு ஒடிந்த கால் அப்படித்தான் கிடக்கும் என்று எந்த சிஸ்டருக்கும் தெரியும். உடனே எக்ஸ்ரே எடுத்து, சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட இந்த வயதில் ஆள் மிஞ்சுவது கஷ்டம். அவள் கீழே போன் செய்தாள். விசாரணைக் குழு வரும்வரை நோயாளியை அசைக்கக் கூடாது, அது விதி என்றார்கள். தலைக்கு ஒரு தலையணை வைத்துப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

குழுவுக்கு முன்னால் அட்டெண்டர் வந்தார். நல்லெண்ணத்தோடு குனிந்து டிரைவரின் காதில் சொன்னார்.

“பெரியவரே, விழுந்துட்டேன்னு மட்டும் வாய தொறந்துடாதீங்க. இந்தம்மாவ இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

குழு வந்தது. கண்காணிப்பாளர், பாதுகாப்பு அதிகாரி, மேட்ரன் மூவரும் நின்றபடி கீழே பார்த்தார்கள். அதிகாரியின் உடம்பில் மெத்தையின் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பெரியவரே, விழுந்தீங்களா?”

“இல்லீங்க. உக்காந்தேன்.”

“தரையிலயா?”

“காத்தோட்டமா இருக்குமேன்னு பாத்தேன்.”

மூவருடைய முகமும் மலர்ந்தது. சிஸ்டர் பதறிப்போனாள்.

“சார், அவர் பொய் சொல்றார் சார்! விழுந்துட்டார். கால பாருங்க, நீளமே கொறைஞ்சு போச்சு. இப்பவே எக்ஸ்ரே எடுக்கணும்.”

“விழுந்தத நீங்க பாத்தீங்களா?”

“நான் கூட்டத்துல இருந்தேன் சார். நீங்கதான் கேடயம் குடுத்தீங்க.”

“அப்ப எதை வச்சுச் சொல்றீங்க? சம்பவ இடத்துல இருந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் உக்காந்தேங்கறார்.” கண்காணிப்பாளர் கையை உயர்த்தினார். “நோயாளியின் குரலே முதல் குரல். நம்ம கொள்கையில முதல் வரியே அதுதான். அத மீற எனக்கே அதிகாரம் இல்ல.”

டிரைவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து சாப்பாடு ஆறிப்போச்சு என்றார், விசிறி சுத்தல என்றார், கண்ணாடியைக் கொடுங்க என்றார். ஒன்றும் யார் காதிலும் ஏறவில்லை. முதல் முறையாக அவர் குரல் மேலிடம் வரைக்கும் போயிற்று. அதுவும் பொய் சொன்னபோது.

“கால் நீளம்?” என்று மேட்ரன் மெல்லக் கேட்டார்.

“சில பேருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும்” என்றார் பாதுகாப்பு அதிகாரி. “சேர்க்கும்போது அளந்து வச்சிருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம். அளக்கல. அடுத்த வருஷத்துலேர்ந்து அளப்போம்.”

அவர்கள் போனதும் சிஸ்டர் டூட்டி டாக்டரைப் போய்ப் பிடித்தாள். அந்தப் பெண் முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாதவள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். எக்ஸ்ரே வேண்டுமென்றால் காரணம் போட வேண்டும். உட்கார்ந்தார் என்று ஒரு காரணம் அதில் இல்லை. ‘வார்டில் விழுந்தார்’ என்று போட்டால் அது நேரே கண்காணிப்பாளர் ஒப்புதலுக்குப் போகிறது. போட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தது. விழுதல் நிரூபிக்கப்படவில்லை.

சிஸ்டர் மறுபடி டிரைவரிடம் ஓடினாள். வலி ஊசி போட்டுக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை.

“அய்யா, உங்க கால்ல விழறேன். விழுந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் வேலை போனா போகுது.”

“உங்க புள்ளைங்க படிக்குதுங்கல்ல?” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “காலம்பூரா உக்காந்த பொழப்பும்மா எனக்கு. எனக்கு உக்காரத் தெரியாதா? உக்காந்தேன்னா உக்காந்தேன்தான்.”

அவள் இப்படியும் அப்படியும் பார்த்தாள். காப்பாற்ற வேண்டியவர் அவளைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தார்.

சாயங்காலம் மகள் வந்தாள். சிஸ்டர் எதையும் பூசி மெழுகவில்லை.

“விழுந்துட்டாரும்மா. உன்கிட்ட சொன்ன வார்த்தைய நான் காப்பாத்தல.”

மகள் கத்தவில்லை. அப்பாவின் காலைப் பார்த்தாள். சுவரில் சாய்த்து, நடுவில் டேப் ஒட்டி மறுபடி நிமிர்த்தி வைத்திருந்த அட்டையைப் பார்த்தாள்.

“இது யாருக்கா?”

“நான்தான்.”

மகள் அப்பாவின் நெற்றி வியர்வையைத் துடைக்கத் திரும்பினாள். கத்தியிருந்தால் தேவலை என்று சிஸ்டருக்கு இருந்தது.

டூட்டி டாக்டர்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள். “இவரு ரோட்டுல விழுந்திருந்தா இந்நேரம் படமே கைக்கு வந்திருக்கும்.” சும்மா புலம்பலாகத்தான் சொன்னாள். சொன்னபின் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டிரைவரைக் குணமானவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சரில் வைத்து, சிஸ்டர் ஒரு முனை, மகள் ஒரு முனை, அட்டெண்டர் நடுவில் தாங்கிக்கொள்ள, படி படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் முனகினார். முனகிவிட்டு, “ஒண்ணுமில்ல, ஓட்டுங்க” என்றார். முன்வாசல் வழியாக, எரிகிற பலகையைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டார்கள். பிறகு அப்படியே தூக்கிச் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து அவசரப் பிரிவு வாசலில் நுழைந்தார்கள்.

“எங்க விழுந்தாரு?” என்று அங்கிருந்த காவலாளி கேட்டார்.

“கேட்டுக்கு வெளியில” என்றாள் மகள்.

“விழுந்தேங்க” என்றார் டிரைவர், சத்தமாக. “நல்லாவே விழுந்தேன்.”

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. இரண்டு நாளில் ஆபரேஷனும் ஆயிற்று. உயிர் பிழைத்தார். மறுபடி அதே வார்டு, அதே ஜன்னலோரக் கட்டில். கட்டில் காலியாக இருந்தது ஓர் அதிசயம்தான்.

விஷயம் கண்காணிப்பாளர் காதுக்குப் போயிற்று. இப்போது வேலை போய்விடும் என்று சிஸ்டர் நினைத்தாள். போகவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, குரல் தழுதழுக்கச் சொன்னார்.

“நம்ம வார்டுல இருந்தவரைக்கும் அந்தப் பெரியவர் உக்காரத்தான் செஞ்சார். விழல. கேட்டத் தாண்டி கால வச்சார், விழுந்துட்டார். உள்ள பாதுகாப்பு, வெளிய ஆபத்து. நம்ம சேவைக்கு இதைவிட என்ன சான்று வேணும்?”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இருப்புத் திட்டம் பெரிய வெற்றி என்று முடிவாயிற்று. இரண்டாம் மாடி ஆண்கள் வார்டுக்கு மேலும் இரண்டு அட்டை சிஸ்டர்கள் வழங்கப்பட்டன. இருப்பு இப்படி இரட்டிப்புக்கு மேல் கூடிவிட்டதால் இன்னொரு சிஸ்டரை அங்கிருந்து எடுத்துப் பாதுகாப்பு அலுவலகத்தில் போட்டார்கள். அங்கே அறிக்கை எழுத ஆள் பற்றவில்லையாம்.

மகள் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைச் சண்டை போட்டு வாங்கி வந்துவிட்டாள். டம்ளர் கிடைக்கவில்லை. அட்டெண்டர் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். தட்டுவதற்கு என்ன செய்வது என்று சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசைக்கு அடியில் அந்தப் பித்தளைக் கேடயம் கிடந்தது. எடுத்து டிரைவரின் தலைமாட்டில் சாய்த்து வைத்தாள். டம்ளரைவிட நன்றாக ஒலித்தது. அதிகாரி கேட்டால் விருது காட்சிக்கு வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

“இப்ப உங்களுக்குத் தனி மணி அய்யா. ஒரு தட்டு தட்டுங்க, பறந்து வந்துடறேன்.”

“அவசரமில்லாம தட்ட மாட்டேம்மா” என்றார் டிரைவர்.

அவர் சொன்னபடிதான் நடந்துகொண்டார். அன்றைக்கு மத்தியானம் வார்டின் மறு கோடியில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. சிஸ்டர் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, வாயில் வழிவதைத் துடைத்து, கட்டிலிலிருந்து சரியாமல் உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். டூட்டி டாக்டர் கீழே அவசரப் பிரிவில் இருந்தாள். அட்டெண்டர் டீ வாங்கப் போயிருந்தார். சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிடும் நேரம் அது. அப்போது ஜன்னல் பக்கம் ஒரு தட்டு கேட்டது.

“வர்றேன் அய்யா! ஒரே நிமிஷம்!”

வலிப்பு அடங்கவில்லை. கையை எடுத்தால் இவர் தரையில் விழுவார். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வார்டின் நடுவிலும் ஜன்னல் பக்கத்திலுமாக மூன்று இடத்தில் அவளே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவற்றைத் தாண்டி டிரைவரின் கட்டில் தெரியவில்லை.

மறுபடி ஒரு தட்டு. இந்தத் தடவை மெதுவாக, மன்னிப்புக் கேட்பது மாதிரி.

“இதோ வந்துட்டேன் அய்யா! எந்திரிச்சுடாதீங்க!”

எழுந்திருக்க அவரால் முடியாது என்பது சொன்னபிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பாதுகாப்பு அதிகாரி கருவியோடு வந்திருந்தால் மிகவும் திருப்திப்பட்டிருப்பார்.

பிறகு இரண்டு தட்டு கேட்டது.

போய்ப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. படுக்கை நனைந்துவிட்டது. இனி அவசரமில்லை, நீங்கள் அவரைப் பாருங்கள் என்கிறார். வலிப்புக்காரரைப் பிடித்த பிடியை விடாமலே சிஸ்டர் அழுதாள்.